பலஸ்தீனப் போரும் மக்கட் பெயர்ச்சியும்

1948ஆம் ஆண்டிலே பலஸ்தீனத்தில் நிகழ்ந்த போருக்கு இரண்டு பெயர்கள் உள. யூதர் அதனைச் ‘சுதந்திரப் போர்’ என்பர். அராபியர் ‘நக்பா’ என்பர். நக்பா என்னும் அரபுச் சொல்லுக்குப் பெருங்கேடு என்பது பொருள். ஒரே போர் ஒரு சாராருக்கு விடுதலையாகவும் மற்றொரு சாராருக்கு அழிவாகவும் அமைந்தமைக்குக் காரணம் யாதென ஆராயுமிடத்து, அப்போரையொட்டி மக்கள் இடம்பெயர்ந்த வரலாறே முதன்மையாக நோக்கப்படல் வேண்டும். போர் முடிந்த காலத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட அராபியர் தம் ஊரையும் நிலத்தையும் இழந்து அகதிகளாயிருந்தனர். 1948 மே மாதந் தொடக்கம் 1951 இறுதி வரையும் ஏறக்குறைய அதே தொகையினரான யூதர் ஐரோப்பாவிலிருந்தும் ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து புதிய இஸ்ரேல் நாட்டிற் குடியேறினர்.

போனவர் தொகையும் வந்தவர் தொகையும் ஒத்திருத்தலைக் கண்ட சிலர், இதனை ஒரு ‘மக்கட் பரிமாற்றம்’ எனக் கூறுவர். அராபியர் இழந்ததற்கு யூதர் இழந்தது ஈடாயிற்று, ஆகவே கணக்குத் தீர்ந்தது என்பது அவர்தங் கருத்து. இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போருக்கு முந்திய நிலை

பலஸ்தீனம் நான்கு நூற்றாண்டுக் காலம் உதுமானியத் துருக்கரின் ஆட்சியில் இருந்தது. முதலாம் மகாயுத்தத்தின்போது பிரித்தானியர் அதனைக் கைப்பற்றினர். 1917 நவம்பர் 2ஆந் திகதி பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி பல்போர், பலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதைத் தம் அரசாங்கம் ஆதரிக்கும் எனவும், அங்கு வாழும் யூதரல்லாதாரின் சிவில் உரிமைகளுக்கும் சமய உரிமைகளுக்கும் ஊறு விளைக்கலாகாது எனவும் அறிவித்தார். ஒருங்கே நிறைவேற்றுதற்கரிய இவ்விரு வாக்குறுதிகளையும் சுமந்துகொண்டே, சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி பிரித்தானியர் அந்நாட்டை ஆண்டனர்.

1922ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டின் மக்கட்டொகை ஏறக்குறைய 757,000 ஆகும். அவருள் யூதர் ஏறக்குறைய 84,000 பேர். அஃதாவது ஒன்பதில் ஒரு பங்கினர். 1933இல் ஜேர்மனியில் ஹிற்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதரின் வருகை பெருகிற்று. தம் நாட்டிலேயே தாம் சிறுபான்மையினராகி விடுவோமோ என அஞ்சிய அராபியர் 1936 முதல் 1939 வரையும் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக, ஐந்தாண்டுக் காலத்தில் 75,000 யூதரே நாட்டினுட் புகலாம் எனப் பிரித்தானியா 1939இல் வரையறுத்தது. ஐரோப்பிய யூதருக்குப் புகலிடம் மிகத் தேவைப்பட்ட வேளையிலேயே இவ்வாயில் ஒடுங்கிற்று. இரண்டாம் மகாயுத்தத்தில் ஏறக்குறைய அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். எஞ்சியவருட் பலர் ஐரோப்பிய முகாம்களிற் கிடந்தனர். அனுமதியின்றிக் கப்பலேறி வந்தோருள் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைப்பிரஸ் தீவிலே தடுத்து வைக்கப்பட்டனர்.

1947ஆம் ஆண்டளவில் பலஸ்தீனத்தில் ஏறக்குறைய ஆறு இலட்சம் யூதரும் அதனின் இரு மடங்கினரான அராபியரும் இருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 29ஆந் திகதி ஐக்கிய நாடுகள் சபை நாட்டை ஒரு யூத அரசாகவும் ஓர் அராபிய அரசாகவும் பிரிப்பதென 33 வாக்குக்களாற் றீர்மானித்தது. எதிராக 13 நாடுகள் வாக்களித்தன. 10 நாடுகள் வாக்களியாதிருந்தன. யூதத் தலைவர் இத்தீர்மானத்தை ஏற்றனர். மக்கட்டொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நிலத்தில் அரைப்பங்கிற்கும் மேலாக ஒதுக்கப்பட்டதெனக் கூறி அராபியத் தலைவர் அதனை மறுத்தனர். மறுநாளே கலகம் மூண்டது.

அராபியர் வெளியேறியமை

அராபியர் வெளியேற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஒரே காரணத்தால் நிகழ்ந்ததுமன்று. 1947 டிசெம்பர் முதல் 1948 மார்ச் வரையும் வெளியேறியோர் பெரும்பாலும் ஹைபா, யாபா, எருசலேம் ஆகிய நகரங்களின் செல்வக் குடும்பத்தினர். கலகம் தணிந்ததும் மீளலாம் என எண்ணி அவர் பெய்ரூத்துக்கும் கெய்ரோவுக்குஞ் சென்றனர். 1936ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்திலும் அவ்வாறு சென்று மீண்டவர் பலர். ஆயின் மருத்துவரும் வணிகரும் ஆசிரியரும் நீங்கியமையால், எஞ்சிய பொதுமக்கள் தலைமையின்றித் தளர்ந்தனர்.

1948 ஏப்பிரில் தொடக்கம் யூதப் படையாகிய ஹகனா தாக்குதலில் இறங்கியது. ஏப்பிரில் 18ஆந் திகதி திபேரியாவும், 22ஆந் திகதி ஹைபாவும், மே 13ஆந் திகதி யாபாவும் அதன் வசமாயின. ஹைபாவின் யூத நகரபிதா அராபியரை அங்கேயே தங்குமாறு வேண்டினார்; எனினும் சந்தைப் பகுதியில் எறிகுண்டுகள் வீழ்ந்தமையாற் கலங்கிய மக்கள் துறைமுகத்தை நோக்கி ஓடினர். ஏறக்குறைய எழுபதினாயிரம் அராபியர் வாழ்ந்த யாபாவில் எஞ்சியோர் சில ஆயிரவரே. இதற்கிடையே ஏப்பிரில் 9ஆந் திகதி எருசலேமை அடுத்த தீர் யாசீன் என்னுங் கிராமத்தில், இர்குன், லெகி என்னும் யூதக் குழுவினர் பெண்டிர் சிறுவர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். நான்கு நாட்களின்பின், ஹடாசா மருத்துவமனைக்குச் சென்ற யூத வாகன அணியை அராபியர் தாக்கியதில் மருத்துவர், தாதியர் உட்பட 78 பேர் மாண்டனர். தீர் யாசீன் செய்தி ஊரூராகப் பரவியபோது, படை வருமுன்னரே பல கிராமத்தவர் ஓடலாயினர்.

மே 14ஆந் திகதி இஸ்ரேல் அரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் எகிப்து, யோர்தான், சிரியா, ஈராக் ஆகியவற்றின் படைகள் உட்புகுந்தன. யூலை மாதத்தில் இஸ்ரேலியப் படை லித்தா, ரம்லா என்னும் இரு நகரங்களையுங் கைப்பற்றி, ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றியது. லித்தாவினர் கோடை வெயிலிற் கால்நடையாகவே செலுத்தப்பட்டனர். வழியிற் பலர் மாண்டனர். அதே மாதத்திற் கைப்பற்றப்பட்ட நாசரேத்து நகரத்து மக்களோ வெளியேற்றப்படவில்லை. ஒரே படை, ஒரே மாதத்தில், ஓரிடத்து மக்களைத் துரத்தியும் மற்றோரிடத்து மக்களை இருக்கவிட்டும் நடந்தமை கருதத்தக்கது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிற் கலிலேயாவிலும் தென்பகுதியிலும் நடந்த போரினால் மேலும் பலர் நீங்கினர். ஈற்றில் நானூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின.

அராபியத் தலைவர்களே வானொலி மூலம் தம் மக்களை வெளியேறுமாறு பணித்தனர் எனும் கூற்று நெடுங்காலம் வழங்கிற்று. எர்ஸ்கின் சில்டர்ஸ் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் அக்கால ஒலிபரப்புக்களின் பதிவுகளைப் பார்வையிட்டு, அத்தகைய பொதுக் கட்டளை எதுவுங் காணப்படவில்லையென 1961இல் எழுதினார். பின்னர் இஸ்ரேல் அரசின் ஆவணங்கள் திறந்துவிடப்பட்டபோது, பெனி மொரிஸ் முதலிய இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்தனர். சிலவிடங்களிற் பெண்டிரையும் சிறுவரையும் அப்புறப்படுத்துமாறு அராபியத் தலைவர் கூறியதுண்டு. சிலவிடங்களில் இஸ்ரேலியப் படையினர் நேரே துரத்தியதுண்டு. மிகப் பலவிடங்களிற் போரின் தாக்குதலும் அதுபற்றிய அச்சமுமே மக்களை ஓட்டின என அவ்வாராய்ச்சி காட்டியது.

திரும்பும் வழி அடைபட்டமை

போர்க்காலத்தில் மக்கள் ஓடுவது உலகெங்கும் உள்ளதே. ஓடியவர் அகதிகளாகவே நிலைத்தமைக்குக் காரணம், அவர் திரும்பும் வழி அடைபட்டமையாகும். பலர் வீட்டைப் பூட்டித் திறவுகோலைக் கையோடு கொண்டு சென்றனர். அத்திறவுகோல்கள் இன்றும் பல குடும்பங்களிற் பேணப்படுகின்றன.

போர் முடியும்வரை அகதிகளைத் திரும்ப விடுவதில்லை என இஸ்ரேலிய மந்திரி சபை 1948 யூன் மாதத்திற் றீர்மானித்தது. அகதிகள் தம் வீடு திரும்பும் உரிமை ஏற்கப்படல் வேண்டுமென வற்புறுத்திய ஐக்கிய நாடுகளின் சமரசத் தூதர் பேர்னடொற் பிரபு, செப்டெம்பர் 17ஆந் திகதி எருசலேமில் லெகி குழுவினராற் கொல்லப்பட்டார். தம் இல்லம் மீண்டு அயலவரோடு அமைதியாய் வாழ விரும்பும் அகதிகளைத் திரும்ப விடுதல் வேண்டும், விரும்பாதோர்க்கு நட்டஈடு வழங்கல் வேண்டும் என ஐக்கிய நாடுகள் சபை டிசெம்பர் 11ஆந் திகதி தீர்மானித்தது. 194ஆம் இலக்கத் தீர்மானம் எனப்படும் அது நிறைவேறவில்லை. 1949இல் லொசான் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில், பொதுச் சமாதான உடன்பாட்டின் ஒரு பகுதியாக ஓர் இலட்சம் பேரை ஏற்கலாமென இஸ்ரேல் கூறியது. அராபிய அரசுகள் அது போதாதென மறுத்தன.

படையினாற் றொடங்கியதைச் சட்டம் நிறைவாக்கியது. 1950ஆம் ஆண்டுச் சமுகமில்லாதோர் ஆதனச் சட்டத்தின்படி, 1947 நவம்பர் 29ஆந் திகதிக்குப்பின் பகை நாட்டிலோ பகைவர் வசமிருந்த பகுதியிலோ இருந்தவரின் வீடும் நிலமும் அரச காப்பாளரிடஞ் சேர்ந்தன. இஸ்ரேலினுள் எஞ்சியிருந்த ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் அராபியர் பிரசாவுரிமை பெற்றனராயினும், 1966 வரையும் இராணுவ நிருவாகத்தின்கீழ் வாழ்ந்தனர். அவருள்ளும் போர்க்காலத்தில் அயலூருக்கு ஒதுங்கிய பலர், நாட்டிலே இருந்துங்கூடச் சட்டத்தின் கண்ணில் ‘இல்லாதவர்’ ஆயினர். கலிலேயாவிலுள்ள இக்ரித் என்னுங் கிறித்தவக் கிராமம் இதற்கொரு சான்று. இரு கிழமைக்கு மாத்திரம் எனக் கூறி 1948 நவம்பரில் அவ்வூரார் அகற்றப்பட்டனர். அவர் திரும்பலாம் என 1951 யூலையில் உயர் நீதிமன்றந் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நத்தார்க் காலத்தில் இராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயம் ஒன்றே எஞ்சிற்று.

அகதிகளைப் பேணுவதற்கென ஐக்கிய நாடுகள் சபை நிறுவிய தனி நிறுவனம் 1950 மே மாதத்திற் பணி தொடங்கியது. காசா நிலத்துண்டில் எண்பதினாயிரவர் வாழ்ந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் அகதிகள் வந்து நிறைந்தனர். யோர்தான் தன்பால் வந்தோர்க்குப் பிரசாவுரிமை அளித்தது. சிரியா தொழில், கல்வி ஆகியவற்றில் இடமளித்ததாயினும் பிரசாவுரிமை அளிக்கவில்லை. தன் சமயச் சமநிலை குலையுமென அஞ்சிய லெபனான் தொழில் உரிமையையும் இறுக்கமாக வரையறுத்தது. பிரசாவுரிமை பெற்றுவிடின் திரும்பும் உரிமை நலிவுறும் என்பது அராபிய அரசுகளிற் பலவற்றின் வாதமாகும். இவ்வாறு முகாமிலே பிறந்தோர் முகாமிலேயே மக்களைப் பெற்றனர். இன்று அந்நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளோர் ஏறக்குறைய 59 இலட்சம். 2023 ஒக்டோபரில் மூண்ட போரிலே காசாவின் மக்களுட் பெரும்பாலார் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் 1948ஆம் ஆண்டு அகதிகளின் வழித்தோன்றல்களாவர்.

யூதரின் வருகை

இனி மற்றைப் பெயர்ச்சியை நோக்குவாம். பலஸ்தீனத்தினுள்ளேயும் யூதர் இடம்பெயர்ந்தனர். 1948 மே 28ஆந் திகதி பழைய எருசலேமின் யூதர் பகுதி யோர்தானியப் படையிடஞ் சரணடைந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. போர் முடிந்தபோது யோர்தான் வசமான பகுதியில் யூதர் ஒருவரேனும் இலர்.

வெளிநாட்டிலிருந்து முதலில் வந்தோர் ஐரோப்பிய முகாம்களிலும் சைப்பிரஸிலும் இருந்தவராவர். பல்கேரியாவிலிருந்து வந்தோர் பலர் யாபாவில் அராபியர் விட்டுச் சென்ற வீடுகளிற் குடியேறினர். 1950 யூலை 5ஆந் திகதி நிறைவேறிய ‘திரும்புதற் சட்டம்’ உலகின் எப்பாகத்து யூதரும் இஸ்ரேலிற் குடியேறும் உரிமையுடையர் என விதித்தது. 1948 மே முதல் 1951 இறுதி வரையும் வந்தோர் ஏறக்குறைய 687,000 பேர். 1948இல் ஆறரை இலட்சமாயிருந்த யூதர் தொகை இவ்வாறு இரட்டித்தது.

வந்தோரில் ஏறக்குறைய அரைப்பங்கினர் ஆசிய, ஆபிரிக்க நாட்டினர். அராபிய நாடுகளில் அக்காலத்தில் ஏறக்குறைய எட்டு இலட்சம் யூதர் வாழ்ந்தனர். அவர் பேசிய மொழி பெரும்பாலும் அரபு. அவருட் பல சமூகங்கள் இஸ்லாந் தோன்றுமுன்னரே அந்நிலங்களில் வேரூன்றியவை. பலஸ்தீனப் பூசல் முற்ற முற்ற அவர் நிலை இடருற்றது. 1947 டிசெம்பரில் ஏடனிற் கலகக்காரர் 82 யூதரைக் கொன்றனர். சிரியாவின் அலெப்போ நகரில் யூதக் கோயில்கள் எரியூட்டப்பட்டன.

ஏமன் நாட்டு யூதர், 1949 யூன் தொடக்கம் 1950 செப்டெம்பர் வரையும் விமான மூலம் ஏடனிலிருந்து கொண்டுவரப்பட்டனர். ஏறக்குறைய ஐம்பதினாயிரவரான இவருட் பலர் வெள்ளி வேலை செய்யும் கம்மியர். விமானத்தை முன்னர் கண்டிராத இவர், கழுகின் சிறகிலே மீட்கப்படுவர் எனத் தம் மறைநூல் கூறியது நிறைவேறிற்று என நம்பினர். இவரை ஈர்த்தது அச்சம் மாத்திரமன்று, சமய நம்பிக்கையுமாகும்.

ஈராக்கின் யூதரோ வேறு நிலையினர். பாபிலோனியச் சிறைவாசக் காலந் தொட்டு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறுடைய சமூகம் அது. பாக்தாத் நகர வணிகத்தில் அவர் முதன்மை பெற்றிருந்தனர். ஈராக்கின் முதல் நிதி மந்திரியாய் விளங்கிய சசூன் எஸ்கெல் ஒரு யூதர். ஆயின் 1941 யூன் மாதக் கலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட யூதர் கொல்லப்பட்டதோடு அவர்தம் நம்பிக்கை தளர்ந்தது. 1948இன்பின் பலர் உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டனர். பிரசாவுரிமையைத் துறப்போர் வெளியேறலாமென 1950 மார்ச் மாதத்தில் ஈராக் சட்டம் இயற்றியது. பாக்தாதில் யூதர் கூடுமிடங்களிற் குண்டுகள் வெடித்தன. அவற்றை வைத்தவர் யாவர் என்பது இன்றும் வழக்காகவே உள்ளது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். அவர் நீங்கத் தொடங்கிய பின்னர், 1951 மார்ச் மாதத்தில், பிரசாவுரிமை துறந்தோரின் சொத்துக்களை ஈராக் அரசு முடக்கியது. செல்வராயிருந்தவர் ஒரு பெட்டியோடு விமானமேறினர்.

எகிப்திலிருந்து பெருந்தொகையினர் நீங்கியது 1956ஆம் ஆண்டுச் சூயஸ் போரின்பின். மொரோக்கோவின் இரண்டரை இலட்சம் யூதர் 1960கள் வரையும் சிறிது சிறிதாகச் சென்றனர். அல்ஜீரியாவின் யூதர் 1962இல் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது இஸ்ரேலுக்கன்றிப் பெரும்பாலும் பிரான்சுக்கே சென்றனர்.

துன்புறுத்தல் யாதுமின்றி நீங்கியோரும் உளர். கொச்சி யூதர் அவ்வகையினர். ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டிற் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்பானுக்கு உரிமைகள் பலவற்றை அளித்த செப்பேடு வட்டெழுத்தில், அக்காலச் சேரநாட்டுத் தமிழில் அமைந்தது. அம்மண்ணில் மன்னர் ஆதரவுடன் வாழ்ந்த அச்சமூகத்திற் பெரும்பாலார் 1950களிற் சமயப் பற்றினாலும் புதுவாழ்வு நாடியும் இஸ்ரேலுக்குச் சென்றனர். ஆகவே யூதரின் பெயர்ச்சி அனைத்தையும் துரத்தல் எனவுங் கூறலாகாது. விருப்பம் எனவுங் கூறலாகாது.

வந்தோரின் வாழ்வும் இனிதாயிருக்கவில்லை. 1950 முதல் இடைத்தங்கல் முகாம்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் கூடாரங்களிலும் தகரக் குடிசைகளிலும் 1951 இறுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவருட் பெரும்பாலார் கீழைத்தேய யூதர். ஹைபா நகரிலுள்ள வாதி சலீப் என்னும் பகுதி இரு பெயர்ச்சிகளும் சந்தித்த இடமாகும். 1948 ஏப்பிரிலில் அராபியர் அவ்விடத்தை விட்டு ஓடினர். அவர் வீடுகளில் மொரோக்கோ யூதர் நெருக்கமாகக் குடியேற்றப்பட்டனர். வேலையின்மையும் வறுமையும் ஐரோப்பிய யூதரால் இழிவாக நடத்தப்படுகின்றோம் என்னும் மனக்குறையும் மிகுந்து, 1959 யூலையில் அங்கே கலகம் மூண்டது. ஒருவர் இழந்த வீடு மற்றவர்க்கு நிறைவாழ்வு அளிக்கவில்லை.

பரிமாற்றமா?

கிரேக்கமும் துருக்கியும் 1923இல் லொசான் நகரிற் செய்த உடன்படிக்கையே மக்கட் பரிமாற்றத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறித்தவரும் ஏறக்குறைய நான்கு இலட்சம் இஸ்லாமியரும் அதனாற் றம் நாடு மாறினர். அவர் பட்ட துன்பம் பெரிது. எனினும் இரு அரசுகள் ஒப்பந்தஞ் செய்தன, மாறியவர் யாவரும் சென்ற நாட்டிற் பிரசைகளாயினர். பலஸ்தீனத்தின் வகையில் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை. அராபியர் 1948ஆம் ஆண்டளவிலேயே பெரும்பாலும் நீங்கிவிட்டனர்; ஈராக்கியர் 1951இலும் எகிப்தியர் 1956இலும் மொரோக்கர் அதன் பின்னருஞ் சென்றனர்.

ஈராக் அரசு யூதர் சொத்தை முடக்கியபோது, இஸ்ரேலிய வெளிநாட்டு மந்திரி மோஷே ஷரெற் 1951 மார்ச் மாதத்திற் பாராளுமன்றத்திலே ஓர் அறிவித்தல் விடுத்தார். அராபிய அகதிகளுக்கு வழங்கவேண்டிய நட்டஈட்டைக் கணிக்கும்போது ஈராக்கிய யூதர் இழந்த சொத்தும் கணக்கிற் கொள்ளப்படும் என்பதே அது. அரசுகளின் பேரேட்டில் இக்கழித்தல் எளிது. மக்களின் வாழ்விலோ அது பொருந்துவதன்று. பாக்தாத் வணிகனின் கடையைப் பறித்தவன் கலிலேயாவின் ஒலிவத் தோட்டக்காரன் அல்லன். அத்தோட்டக்காரனைத் துரத்தியவன் ஏமன் நாட்டுக் கம்மியனும் அல்லன். ஈராக் அரசு செய்த தவற்றுக்கு இக்ரித் ஊரவன் எவ்வாறு கடனாளி ஆவான்? இஸ்ரேல் செய்த தவற்றுக்குப் பாக்தாத் யூதன் எவ்வாறு பிணையாவான்? கணக்கைத் தீர்த்தவர் அரசுகள். தீர்க்கப்பட்டவர் இருபாலும் உள்ள குடிகள்.

இரு பெயர்ச்சிகளுக்குமிடையே உள்ள வேறுபாடும் மறைக்கற்பாலதன்று. யூத அகதி இறங்கிய நிலம் அவனைப் பிரசையாக ஏற்றது. முகாம் வாழ்வு சில ஆண்டுகளில் முடிந்தது. அராபிய அகதிக்குப் பின்னே ஒரு வாயில் அடைபட்டது. பலவிடங்களில் முன்னேயும் வாயில் திறக்கவில்லை. ஒருவன் மீள விரும்பவில்லை. மற்றவன் மீளுதலையன்றிப் பிறிதொன்றை வேண்டவில்லை. ஆயின் இழப்பு இருவர்க்கும் மெய்யானதே. பாக்தாதிற் பிறந்து 1951இல் இஸ்ரேலுக்கு வந்த சமீர் நக்காஷ் என்னும் எழுத்தாளர், எபிரேயம் வழங்கும் நாட்டில் வாழ்ந்தும் 2004இல் இறக்கும்வரை அரபு மொழியிலேயே கதை எழுதினார். ஆக்கா நகரிற் பிறந்து பன்னிரண்டு வயதில் அகதியான கசான் கனபானி, ‘ஹைபாவுக்குத் திரும்பல்’ என்னும் கதையை 1969இல் வெளியிட்டார். தாம் விட்டுச் சென்ற வீட்டைத் தேடி வரும் அராபியத் தம்பதியர், அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்த யூதப் பெண்ணைக் காண்பதே அதன் நிகழ்ச்சி. தம் மக்களுக்காக எழுதிய அவ்வாசிரியர், அப்பெண்ணும் துன்பப்பட்டவளே என்பதை மறைத்தாரல்லர்.

ஆகவே 1948ஆம் ஆண்டுப் போரையொட்டி நிகழ்ந்தது பரிமாற்றம் அன்று. பல காரணங்களால், பல அரசுகளால், பல காலங்களில் விளைந்த இரு பெரும் இழப்புக்கள். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறுத்தலும், ஒன்றை மற்றொன்றாற் கழித்தலும் வரலாற்றுக்கு ஒவ்வா. ஒவ்வோர் இழப்பும் தனக்குரிய நீதியைத் தனித்தே வேண்டி நிற்கின்றது.